பன்னிரண்டு வயதில் முளைக்கும் பல்

பால்பல் ஆடத் தொடங்கினால் வீடே அதைக் கவனிக்கிறது. பாட்டி தொட்டுப் பார்ப்பாள், அண்ணன் கேலி செய்வான், விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்துவிட்டுப் புதுப்பல் எட்டிப்பார்க்கிறதா என்று தினமும் வாயைத் திறக்கச் சொல்வார்கள். பதினொன்றிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் வரும் இரண்டாம் கடைவாய்ப்பல்லை இப்படி எதிர்பார்ப்பவர் யாருமில்லை. அந்த இடத்தில் அதற்கு முன் பால்பல் இருந்ததில்லை. அதனால் எதுவும் ஆடுவதில்லை, விழுவதுமில்லை. தாடையின் கடைசியில், ஈறைப் பிளந்துகொண்டு, மேலும் கீழும் இடமும் வலமுமாக நான்கு பற்கள் மெல்ல வெளியே வருகின்றன. பிள்ளை ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ இருக்கும். அதன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும் வழக்கம் வீட்டில் அதற்குள் நின்றுபோயிருக்கும்.

வளரிளம் பருவத்துப் பற்சொத்தையைப் பற்றி யோசிக்க இந்த நான்கு பற்களே சரியான இடம் என்று நான் கருதுகிறேன். இனிப்பு, பல் துலக்கும் பழக்கம், வறுமை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் அத்தனையும் உண்மைதான். ஆனால் அவை எல்லா வயதுக்கும் பொருந்தும். பதின்ம வயதில் இவற்றின் விளைவு ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கு விடை அந்தப் பல் வரும் காலத்தில் இருக்கிறது.

முதலில் கணக்கு. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03இல் நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தியது. அதன்படி 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. 15 வயதில் அது 63.1 சதவீதம். சொத்தையான, சொத்தையால் இழந்த, அடைக்கப்பட்ட பற்களைக் கூட்டிச் சொல்லும் சராசரி 1.8இலிருந்து 2.3 ஆக ஏறியிருந்தது. மூன்றே வயது வித்தியாசத்தில் இந்த ஏற்றம். உலக சுகாதார நிறுவனம் நாடுகளை ஒப்பிட 12, 15 ஆகிய வயதுகளையும் தேர்ந்தெடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டில், ஞானப்பல் தவிர்த்த நிலைப்பற்கள் அநேகமாக வந்துவிடுகின்றன. பதினைந்தில், அவை வாய்க்குள் சில ஆண்டுகள் வாழ்ந்து முடித்திருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் அந்த வித்தியாசம் சொல்கிறது. இது இருபது ஆண்டுக்கு மேல் பழைய கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. அன்று நகரங்களிலேயே அதிகம் கிடைத்த பானங்களும் பாக்கெட் தின்பண்டங்களும் இன்று கிராமத்துப் பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்குகின்றன.

புதிதாக வெளிவந்த பல் பார்ப்பதற்கு முழுதாக விளைந்ததுபோல் இருக்கும். அதன் மேற்பூச்சான எனாமல் இன்னும் பக்குவப்படவில்லை. உமிழ்நீரிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் ஃபுளோரைடையும் வாங்கிக்கொண்டு அது இறுகுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அமிலத்துக்கு எளிதில் கரைந்துகொடுக்கும். பல்லின் உட்கூடும் இந்த வயதில் பெரிது. சொத்தை எனாமலைத் தாண்டிவிட்டால் நரம்பை எட்டுவதற்குத் தூரம் குறைவு. நாற்பது வயதுக்காரருக்கு ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவும் சொத்தை, பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் சில மாதங்களிலேயே ஆழமாகிவிடுவதைப் பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கடைவாய்ப்பல் ஈறைவிட்டு எட்டிப்பார்த்த நாளிலிருந்து, எதிர்த்தாடைப் பல்லைத் தொடும் உயரத்துக்கு வர ஓராண்டுக்கும் மேல் ஆகிறது. அந்த இடைக்காலத்தில் அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக நிற்கிறது. பின்பாதியை ஈறின் மடிப்பு ஒன்று மூடியிருக்கிறது. பிள்ளை வழக்கம்போலப் பிரஷை முன்னும் பின்னும் இழுக்கும்போது தூரிகை முந்தைய பல்லின் உச்சியில் ஏறி, இந்தப் பல்லின் மேலாகத் தாவிப் போய்விடுகிறது. மெல்லும்போது உணவு உராய்ந்து, பல்லில் படியும் படலத்தைத் துடைக்கும் வாய்ப்பும் கிடையாது, ஏனென்றால் அது இன்னும் எதையும் மெல்லத் தொடங்கவில்லை. மேற்பரப்பில் உள்ள பள்ளங்களோ பிரஷின் ஒற்றை மயிரைவிடக் குறுகலானவை. ஆடியும் விளக்கும் வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு, காற்றடித்துப் பல்லை உலர்த்தியதும் பள்ளத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெண்மை தெரியும். அதுதான் தொடக்கம். அந்த நிலையில் அதைத் துளைக்க வேண்டியதில்லை. ஃபுளோரைடும் ஒழுங்கான துலக்கலும் கிடைத்தால் அங்கேயே நின்றுவிடும், இழந்த தாதுவைத் திரும்பப் பெறவும் செய்யும். கறுத்துக் குழி விழுந்த பிறகு அது நடக்காது.

டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவில் உள்ள நெக்சே என்ற சிற்றூர் இந்த உண்மையை வைத்து ஒரு திட்டத்தையே கட்டியது. 1987இல் அங்கே பள்ளிப் பல் மருத்துவர்கள் கவனத்தைத் துளைப்பதிலிருந்து, முளைத்துக்கொண்டிருக்கும் கடைவாய்ப்பற்களின் மேல் திருப்பினார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் அந்தப் பல் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். பிரஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக நுழைத்து அந்த ஒற்றைப் பல்லைத் தனியாகத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று எல்லாருக்கும் பொதுவாக வைக்காமல், ஒவ்வொரு பிள்ளையின் நிலையைப் பார்த்து அடுத்த வருகையை முடிவு செய்தார்கள். நெக்சேயின் பிள்ளைகள் மிகக் குறைந்த சொத்தையோடு பதினெட்டு வயதை எட்டினார்கள். குறுக்காகத் துலக்க எந்தக் கருவியும் செலவும் தேவையில்லை. நம் வீடுகளில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் யார்?

சர்க்கரைக்கு வருவோம். பல்லில் பூச்சி அரிக்கிறது என்று நம் ஊரில் சொல்வது வழக்கம். அரிப்பது அமிலம். 1890இல் வில்லோபி மில்லர், வாயில் வாழும் நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குவதாலேயே பல் கரைகிறது என்று விளக்கினார். 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பற்களிலிருந்து ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ என்ற கிருமியைப் பிரித்தெடுத்தார். 1940களில் ராபர்ட் ஸ்டீபன் பற்படலத்தின் அமிலத்தன்மையை நேராக அளந்து பார்த்தார். சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களில் பிஹெச் அளவு 5.5க்குக் கீழே இறங்குகிறது. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை அது. உமிழ்நீர் அதை மீட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கிறது. அதற்குள் இன்னொரு மிட்டாய் வாய்க்குள் போனால் மீட்பு முடிவதில்லை.

அப்படியானால் எவ்வளவு தின்கிறோம் என்பதைக் காட்டிலும் எத்தனை முறை தின்கிறோம் என்பதே பெரிது. இதை நிறுவிய ஆய்வு வெட்கக்கேடான முறையில் நடந்தது. சுவீடனில் லுண்ட் நகருக்கருகே விபெஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில், 1940களின் பிற்பாதியில், தம் சம்மதத்தைச் சொல்ல இயலாத நோயாளிகளுக்கு வேண்டுமென்றே ஒட்டும் டாஃபி கொடுத்துப் பற்களைச் சொத்தையாக்கினார்கள். சாப்பாட்டோடு சேர்ந்த சர்க்கரையால் சொத்தை அதிகம் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையே தின்ற டாஃபி பற்களை அழித்தது. இன்று உலகெங்கும் பல் மருத்துவர் சொல்லும் அறிவுரைக்கு அந்த மனிதர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் அந்த முடிவை எடுத்தாள்வது சரியில்லை.

பதின்ம வயதைப் பொறுத்தவரை எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது ஆஸ்திரேலியாவின் ஹோப்வுட் இல்லம். நியூ சவுத் வேல்ஸில் பௌரல் என்ற ஊரில் இருந்த அந்தக் குழந்தைகள் இல்லத்தில், சர்க்கரையும் தீட்டிய மாவும் அநேகமாக இல்லாத உணவிலேயே பிள்ளைகள் வளர்ந்தார்கள். பத்தாண்டுக் காலம் அவர்களைப் பல் மருத்துவர்கள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பதின்மூன்று வயதில் அங்கே ஒரு பிள்ளைக்குச் சராசரியாக 1.6 பற்கள்தான் பாதிக்கப்பட்டிருந்தன. அதே வயது மற்ற ஆஸ்திரேலியப் பிள்ளைகளுக்கு 10.7. இல்லத்துப் பிள்ளைகளில் 53 சதவீதம் பேருக்குச் சொத்தையே இல்லை. அரசுப் பள்ளிகளில் அப்படிப்பட்டவர்கள் 0.4 சதவீதம். இத்தனைக்கும் இல்லத்துப் பிள்ளைகள் பல்லை நன்றாகத் துலக்கியவர்களும் அல்லர். பெரும்பாலோருக்கு ஈறு வீங்கியிருந்தது. வயது ஏறி, உணவுக் கட்டுப்பாடு தளர்ந்ததும், அவர்களுக்கும் சொத்தை செங்குத்தாக ஏறியது. பன்னிரண்டு ஆண்டு நல்ல உணவு பல்லுக்கு நிரந்தரக் கவசம் எதையும் தரவில்லை. பிள்ளையின் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை வீடு முடிவு செய்யும் காலம் முடிந்து, கையில் காசும் கண்முன் கடையும் வரும் வயதும், புது எனாமல் இறுகாத வயதும் ஒன்றாக இருப்பதுதான் இந்தப் பருவத்தின் ஆபத்து.

நம் ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையின் நாளை நினைத்துப் பாருங்கள். விடிகாலையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு டீ. பள்ளி இடைவேளையில் தேன்மிட்டாயோ கிரீம் பிஸ்கட்டோ. மதியச் சாப்பாடு முடிந்ததும் வாயில் ஒரு சாக்லேட். மாலையில் டியூஷனுக்குப் போகும் வழியில் ஒரு பஃப்ஸ், கூடவே இருபது ரூபாய் பாட்டில் பானம். அந்தப் பாட்டிலைப் பிள்ளை ஒரே மூச்சில் குடிப்பதில்லை. மேசைமேல் வைத்துக்கொண்டு, கணக்குப் போடும் ஒரு மணி நேரம் முழுக்க, ஒவ்வொரு மிடறாக உறிஞ்சுகிறது. கோலா வகைப் பானங்களில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதோடு பானமே பிஹெச் 2.5 அளவு புளிப்பு. நுண்ணுயிர் அமிலம் ஆக்கும்வரை அது காத்திருப்பதில்லை, தானே எனாமலை இளக்குகிறது. இரவு பதினொரு மணிக்குத் தூக்கம் வராமலிருக்க மறுபடி டீ, தொட்டுக்கொள்ள பிஸ்கட். பிறகு அப்படியே படுக்கை. தூங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும். பல்லிடுக்கில் ஒட்டிய மாவும் சர்க்கரையும் விடியும்வரை அங்கேயே கிடக்கும்.

சிப்ஸும் பிஸ்கட்டும் இனிப்பில்லையே என்று பெற்றோர் கேட்பதுண்டு. பொரித்த, வறுத்த மாவுப் பண்டங்கள் வாயில் கூழாகிப் பள்ளங்களில் அப்பிக்கொள்கின்றன. உமிழ்நீரே அவற்றைச் சர்க்கரையாக உடைக்கிறது. ஒரு கொய்யாப்பழம், வேகவைத்த சுண்டல், கையளவு வேர்க்கடலை இந்த வேலையைச் செய்வதில்லை. பொதுத்தேர்வு ஆண்டுகளில் பிள்ளையின் பல் கெடுவதற்கும் அதன் மதிப்பெண்ணுக்காக வீடு செய்யும் ‘தெம்பு’ ஏற்பாடுகளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பாசத்தோடு கொண்டுவந்து வைக்கும் அந்த இரவுத் தட்டைப் பற்றித் தாய்மார்கள் யோசிக்க வேண்டும்.

நம்மில் பலர் காலையில் ஒருமுறை மட்டுமே பல் துலக்குகிறோம். வெறும் வயிற்றில் வாய் நாற்றம் போக்குவதற்காகச் செய்யும் சடங்காகவே அது இருக்கிறது. பல்லைக் காப்பது இரவுத் துலக்கல். அதுவும் ஃபுளோரைடு உள்ள பற்பசையோடு. இந்தியாவில் பற்பசையில் அதிகபட்சம் 1000 பிபிஎம் ஃபுளோரைடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் இது தேவையான குறைந்தபட்ச அளவு. மூலிகை என்ற பெயரில் வரும் பசைகள் பலவற்றில் ஃபுளோரைடு இருப்பதில்லை. டப்பாவின் பின்பக்கம் படித்து வாங்க வேண்டும். கரித்தூளும் உப்பும் கலந்து அழுத்தித் தேய்ப்பது எனாமலைத் தேய்க்கும், சொத்தையைத் தடுக்காது. துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். கொப்பளித்துக் கொப்பளித்துக் கழுவினால் ஃபுளோரைடும் போய்விடும். 2025 செப்டம்பரில் பற்பசைக்கான ஜிஎஸ்டி 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது நல்ல காரியம்.

ஃபுளோரைடு என்றதும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அச்சம் எழுவது இயல்பு. நிலத்தடி நீரில் மிகுந்த ஃபுளோரைடால் தலைமுறைகளாகப் பல்லில் பழுப்புக் கறையோடும் எலும்பு நோயோடும் வாழ்ந்த மாவட்டங்கள் அவை. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அங்கே கெடுத்தது, எனாமல் உருவாகும் சிறுவயதில் தினமும் குடித்த நீர். பன்னிரண்டு வயதில் முளைக்கும் பல்லின் எனாமல்கூட ஏழெட்டு வயதுக்குள் தாடைக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பல்லின் மேல் தடவித் துப்பும் பசையால் அந்தக் கறை வராது. அந்த மாவட்டங்களின் பதின்ம வயதினரும் அஞ்சாமல் பயன்படுத்தலாம்.

ஈறைப் பற்றியும் ஒரு சொல். பூப்பெய்தும் காலத்து ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சிறிய அழுக்குக்கும் வீங்கிச் சிவக்கும். துலக்கும்போது ரத்தம் கசியும். ரத்தத்தைக் கண்டதும் பிள்ளைகள் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள், வீக்கம் கூடுகிறது. மென்மையான பிரஷால் அந்த இடத்தை இன்னும் கவனமாகத் துலக்குவதே மருந்து. பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால், ஒவ்வொரு கிளிப்பைச் சுற்றியும் வெண்புள்ளிகள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புகையிலையை இப்படி ஓரிரு வரியில் கடந்துவிட முடியாது. 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 13–15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் 2013இல் குட்கா, பான்மசாலாவுக்குத் தடை வந்தது. ஆனாலும் உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே ஒளித்துவைக்கும் ‘கூல் லிப்’ பொட்டலம் பள்ளிப் பைகளுக்குள் நுழைந்து, 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைக் கவலையோடு விசாரிக்கும் நிலைக்கு வந்தது. புகை இல்லை, நாற்றம் குறைவு, வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் கவர்ச்சி. வைக்கும் இடத்தில் ஈறு இறங்கி வேர் தெரியும், வெண்படலம் தோன்றும். பாக்கு சேர்ந்த பொருளானால் கன்னத்தின் உட்சதை இறுகி வாய் திறக்க முடியாமல் போகும். பாக்கையே புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

இத்தனை காரணங்களில் ஒரு பிள்ளைக்குச் சொத்தை வரும் என்று மிக உறுதியாகச் சொல்ல உதவும் அடையாளம், அதற்கு ஏற்கெனவே சொத்தை இருப்பதுதான். ஆறு வயதில் வந்த முதல் கடைவாய்ப்பல்லைப் பால்பல் என்று நினைத்து விட்டுவிட்ட வீடுகளில், பன்னிரண்டில் வருவது கெட்ட பல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வலித்தால் கிராம்பு வைப்பார்கள். ஒரு கட்டத்தில் வலி தானே நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். உள்ளே நரம்பு செத்துப்போனதால் நின்ற வலி அது. சீழ் வேரடியில் கூடி, ஒரு நாள் கன்னம் வீங்கும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற அடிப்படையில்லாத பயத்தில் இன்னும் சில மாதம் தள்ளிப்போடுவார்கள். ரூட் கெனாலும் அதன்மேல் உறையும் தனியார் மருத்துவமனையில் சில ஆயிரம் ரூபாய். கூலிக்குப் போகும் பெற்றோர் பிடுங்குவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அறுபது ஆண்டு உழைக்க வேண்டிய பல் பதினைந்து வயதில் போகிறது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறப்பிலிருந்து 18 வயதுவரை பரிசோதிக்கும் முப்பது குறைபாடுகளில் பல் நோயும் ஒன்று. 2020இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதி, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் நின்று அதை யாராவது கடைப்பிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளலாம். வரியும் ஓரளவுக்குத்தான் உதவும். பிரிட்டன் 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பானங்களுக்கு வரி விதித்தது. சொத்தையால் பல் பிடுங்க மருத்துவமனையில் சேர்க்கப்படும் பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட 12 சதவீதம் குறைந்ததாக 2023இல் வெளியான ஆய்வு சொன்னது. அந்தக் குறைவு ஒன்பது வயதுவரை உள்ள சிறு பிள்ளைகளிடம்தான் தெரிந்தது. பத்து வயதுக்கு மேல் தெரியவில்லை. சிறு பிள்ளைக்கு வாங்கிக்கொடுப்பது பெற்றோர். பதின்ம வயதுப் பிள்ளை தானே வாங்குகிறது.

அதனால் பல்லையே நேராகப் பாதுகாக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். அது நம்மிடம் இருக்கிறது. கடைவாய்ப்பல்லின் பள்ளங்களைப் பிசின் பூச்சால் மூடிவிடும் சீலன்ட் முறை அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. துளைக்க வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரு பல்லுக்குச் சில நிமிடம். நிலைப்பற்களின் சொத்தையை அது வெகுவாகக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. நம்மிடம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளும் மாவட்ட மருத்துவமனைகளில் பல் பிரிவுகளும் ஆண்டுதோறும் வெளிவரும் நூற்றுக்கணக்கான இளம் பல் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

ஏழாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியிலேயே இரண்டாம் கடைவாய்ப்பல் வந்துவிட்டதா என்று பார்த்து, வந்ததும் சீலன்ட் பூசும் திட்டத்தை மாநில அரசு தொடங்க வேண்டும். பரிந்துரைச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவது போதாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வர எல்லாப் பெற்றோராலும் முடியாது. திட்டம் வரும்வரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் பதினொன்று முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் இன்றிரவே டார்ச் அடித்துக் கடைவாயின் கடைசியைப் பாருங்கள். புதுப்பல் தெரிந்தால் பிரஷைக் குறுக்காகப் பிடித்து அதைத் துலக்கக் கற்றுக்கொடுங்கள், அந்த மாதத்துக்குள் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.